சாதிக்காய் தந்த தீவு



இலக்கியத்திலே ‘சாதி’ என்னும் சொல் வந்ததும் மாணவர் பலர் மல்லிகை இனத்துப் பூவையே நினைப்பர். ஆனால், இலவங்கம், கர்ப்பூரம், தக்கோலம், தீம்பூ என்பவற்றோடு சேர்த்து ஐவகை வாசங்களுள் ஒன்றாக நம் பழைய உரையாசிரியர்கள் எண்ணிய சாதி பூவன்று, சாதிக்காய். இப்பகுதியைப் படிப்பிக்கும்போதெல்லாம் அக்காய் விளைந்த மண்ணைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வது என் வழக்கம். சொற்பொருளோடு முடிந்துவிடாத கதை அது.

இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குப் பகுதியில், ஆழ்கடல் நடுவே பண்டா என்னும் சிறு தீவுக்கூட்டம் உண்டு. நெயிரா, லொந்தோர், ஆய், ருண் முதலியன அதிலுள்ள தீவுகள். குனோங் அப்பி என்னும் எரிமலை கடலிலிருந்தே எழுந்து நிற்கிறது. 1988இலும் அது குமுறியது. எரிமலைச் சாம்பல் படிந்த வளமான மண், தவறாத மழை, ஓங்கிய கனாரி மரங்களின் நிழல் ஆகிய மூன்றும் கூடிய இடத்திலே சாதி மரம் செழித்தது. 18ஆம் நூற்றாண்டுவரை உலகச் சந்தைக்குச் சாதிக்காயும் சாதிபத்திரியும் இத்தீவுகளிலிருந்தே சென்றன.

பண்டாவுக்கு அரசன் இல்லை. ‘ஒராங் காயா’ எனப்பட்ட ஊர்ப் பெரியோரே கூடி முடிவெடுத்தனர். காய் நிறைய உண்டு, நெல் இல்லை. ஆதலால் யாவா முதலிய இடங்களிலிருந்து வந்த வணிகரிடம் காயைக் கொடுத்து அரிசியும் துணியும் பெற்றனர். 1512இல் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களுக்குப் பின்வந்த ஒல்லாந்தரோ, “எமக்கு மட்டுமே விற்க வேண்டும்” என்றனர். பல நாட்டு மரக்கலங்களை நம்பி உலையேற்றும் தீவார் அதற்கு எப்படி இசைவர்? ஒப்பந்தம் எழுதப்பட்டது; மீறப்பட்டது. 1621இல் ஒல்லாந்தக் கம்பனியின் ஆளுநர் நாயகம் யான் பீற்றர்சூன் கூன் பெரும்படையோடு வந்திறங்கினார். பெரியோர் 44 பேர் வெட்டுண்டனர். ஏறத்தாழ 15,000 பேராயிருந்த குடிகளுள் எஞ்சியோர் ஆயிரமளவினரே என்பர். மற்றையோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர், நாடு கடத்தப்பட்டனர், சிலர் கடல் கடந்து தப்பினர். அவர்களின் நிலம் தோட்டங்களாகக் கூறுபோடப்பட்டு, அடிமைகளைக் கொண்டு பயிரிடப்பட்டது.

நேயர்களே, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, நம் கோட்டையை ஐங்கோணமாகக் கட்டியதும் இதே கம்பனிதான். அங்கே சாதிக்காய், இங்கே கறுவா. ஆசை ஒன்றே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்டாவில் ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிய ருண், மூன்று கிலோமீற்றர் அளவே நீளமுள்ள தீவு. 1667ஆம் ஆண்டுப் பிரேடா உடன்படிக்கையின்படி அது ஒல்லாந்தர் வசமானது. ஆங்கிலேயர் முன்னரே பிடித்திருந்த மன்ஹாற்றன் ஆங்கிலேயரிடமே நின்றது. இன்று நியூயோர்க்கின் நடுப்பகுதி அது. ருண் தீவின் பெயரை அறிந்தவரோ மிகச் சிலர்.

அவ்வளவு காவல் காத்த செல்வமும் நிலைக்கவில்லை. 1770 அளவில் பிரெஞ்சுக்காரரான பியர் புவாவ்ரின் முயற்சியால் நாற்றுகள் மொறீசியசுக்குச் சென்றன. பின்னர் பண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர் பினாங்குக்கும் பிற நாடுகளுக்கும் கொண்டுசென்றனர். இன்று நம் கண்டி, மாத்தளைத் தோட்டங்களிலும் சாதி காய்க்கிறது. கிரெனடா நாட்டின் கொடியிலேயே அது இடம்பெற்றுள்ளது.

மரம் எங்கே நட்டாலும் தளிர்க்கும். மொழி அப்படியா? பண்டாவின் பழைய மொழியை இன்று பண்டாவிலே பேசுவார் இல்லை. 1621இல் தப்பியோடியோரின் வழித்தோன்றல்கள், தொலைவிலுள்ள கெய் தீவுகளின் இரண்டு ஊர்களில் அதை இன்னும் பேசிவருகின்றனர். தம் ஊருக்கு அவர்கள் இட்ட பெயர் பண்டா எலி. மண்ணை இழந்தவர்கள் மண்ணின் பெயரையும் மொழியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நம் நூல்களிலே சாதியின் மணம் நிலைத்துவிட்டது. அதை வளர்த்தெடுத்த கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த மனிதரையும் மாணவர்க்கு நினைவூட்டிய பின்னரே அப்பாடம் நிறைவுறும் என்பது என் எண்ணம்.