புகார் கொடுக்கச் சொல்வதற்கு முன்னால்

(மதுரையில் தன்னார்வ இளைஞர்களுக்கு நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் பேசிய வழக்கறிஞர் தோழர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை வரிசையாகச் சொல்லிவிட்டார். நீங்களும் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். நான் வக்கீல் இல்லை. பதின்மூன்று வருடமாக ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் களப்பணி செய்கிறேன். காலனி காலனியாகப் போய் உட்கார்ந்து, எது வன்கொடுமை, நடந்தால் யாரிடம் போவது, எப்படிச் சொல்வது என்று பேசுவதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும். இதில் நான் செய்த தப்புகளைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதல் தப்பு, கேள்வி கேட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊருக்குப் போனேன். சாயங்காலம், வேலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பிய நேரம். "உங்க ஊர்ல சாதி வன்கொடுமை ஏதும் நடந்திருக்கா?" என்று கேட்டேன். ஒரு பெரியவர் உடனே சொன்னார்: "அதெல்லாம் இங்க ஒண்ணும் கெடையாதும்மா. நாங்க தாயா புள்ளையா பழகுறோம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் "பிரச்சினை இல்லாத கிராமம்" என்று அறிக்கையில் எழுதிவிட்டு வந்தேன்.

இரண்டாவது முறை கூட வந்த மூத்த தோழர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார். முடி எங்கே வெட்டிக்கிறீங்க? பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். ஏன், ஊர்லயே கடை இருக்கே? அது அவுகளுக்கு. செத்தவங்களை எந்தப் பாதையில தூக்கிட்டுப் போறீங்க? வயல் வழியா. வெள்ளாமை நின்னா? வரப்புல. பையன் பைக்ல ஊருக்குள்ள போனா? இறங்கி உருட்டிட்டுப் போவான், அது ஒரு மரியாதை. ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்குறீங்களா? வாங்க மாட்டாக. இரண்டு மணி நேரம் பேசினார்கள். அதே பெரியவர்தான் அதிகம் பேசினார்.

அவர் முதலில் பொய் சொல்லவில்லை. வன்கொடுமை என்றால் அவருக்கு வெண்மணி, மேலவளவு. குடிசையோடு எரிப்பது, பஸ்ஸை மறித்து வெட்டுவது. அதுவரை போகாத எல்லாம் அவர் கணக்கில் பழக்கவழக்கம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் சைக்கிளோ பைக்கோ ஓட்டவிடாமல் தடுப்பது, செருப்போ புதுத்துணியோ போடவிடாமல் தடுப்பது, சுடுகாட்டையும் பொதுப்பாதையையும் மறிப்பது, கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது, கோயிலுக்குள் விடாதது, கடையில் அனுமதிக்காதது எல்லாம் அதில் பெயர் சொல்லிக் குற்றமாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலைப் படித்தால் டெல்லியில் உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்காது, நம் ஊர்த் தெருவைப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கும்.

இன்னொரு குழப்பம். ஊரில் இதை "பி.சி.ஆர். கேஸ்" என்பார்கள். ஸ்டேஷனிலும் அதே பெயர்தான். பி.சி.ஆர். என்பது 1955ஆம் ஆண்டுச் சட்டம், இது வேறு. பெயர் போனால் போகட்டும். ஆனால் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால்தான் வழக்கு வரும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வருகிறது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது ஒரு பிரிவு. சொல்லாமலே அவமானப்படுத்துவதற்கு வேறு பிரிவு இருக்கிறது. அடித்தவனுக்கு அடிபட்டவரையோ அவர் குடும்பத்தையோ தெரியும் என்றால், சாதியும் தெரிந்துதான் இருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 8ஆம் பிரிவு சொல்கிறது. ஒரே ஊரில் இருப்பவனுக்கு எந்தத் தெரு யாருடையது என்று தெரியாதா என்ன?

அதே நேரம், திட்டியதும் அவமானப்படுத்தியதும் மட்டும் என்றால் அது "பொதுப் பார்வையில்" நடந்திருக்க வேண்டும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், நான்கு சுவருக்குள் வெளியாட்கள் இல்லாமல் நடந்தது இதில் வராது என்றது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் மட்டும் இருந்தாலும் போதாது. அதனால் "என்ன சொன்னான்?" என்று கேட்டதும் "அப்ப வேற யார் யார் நின்னாங்க?" என்று கேளுங்கள். டீக்கடையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக்கூட விடாதீர்கள்.

இனி ஒரு பையனின் கதை. மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் இறங்காமல் போனதற்காக நாலு பேர் அடித்தார்கள், கை முறிந்தது. அரசு மருத்துவமனைக்குப் போனான். டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது கூட வந்த மாமா முந்திக்கொண்டு, "வண்டியில இருந்து விழுந்துட்டான் சார்" என்றார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்து புகார் எழுதினோம், வழக்கும் பதிவானது. ஆனால் விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு தாளைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நூறு சாட்சி சொல்லியும் அந்தத் தாளைத் தாண்ட முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சட்டத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்கிறேன்: டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். யார், எத்தனை பேர், எதால் அடித்தார்கள். ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியே வருவதற்கு முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது காவல் நிலையம். இங்கே நம் ஆட்கள் ஏமாறுவது மனு ரசீதில். சி.எஸ்.ஆர். என்று ஒரு தாளைக் கொடுத்து "போங்க, கூப்பிடுறோம்" என்பார்கள். முத்திரை இருக்கும், எண் இருக்கும். கேஸ் போட்டுவிட்டார்கள் என்று நம்பி வீட்டுக்குப் போவோம். அது முதல் தகவல் அறிக்கை இல்லை. அந்த ரசீது ஓடுகிற நாட்களில்தான் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், சமாதானம் பேசுவார்கள், எதிர்த்தரப்பு ஒரு பொய்ப் புகார் தயார் செய்யும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்விசாரணை செய்துவிட்டு வழக்குப் பதியலாம் என்று சொன்னதும், ஏப்ரல் 2ஆம் தேதி நாடெங்கும் நம் மக்கள் தெருவுக்கு வந்ததும், உயிர்கள் போனதும் உங்களில் பலர் பள்ளியில் படித்த காலத்துச் செய்தி. அதன் விளைவாக வந்ததுதான் 18ஏ. முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. மனு ரசீது கொடுத்து இழுத்தடிப்பது அந்த முன்விசாரணையைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருவதுதான்.

வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும், நகல் இலவசமாகத் தரவேண்டும். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியர் மீது 4ஆம் பிரிவு இருக்கிறது. எந்த ஸ்டேஷன் எல்லை என்பதும் தடையில்லை, 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் எங்கேயும் கொடுக்கலாம். 14566 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. இதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கும், வேகமாகத் தாண்டுகிறேன்.

ஒன்றில் மட்டும் நிற்க வேண்டும். சிவகங்கைப் பக்கம் ஒரே தெருவில் அண்ணன் இந்து, தம்பி கிறித்தவர். அடி இரண்டு பேருக்கும் விழுந்தது, ஒரே கட்டையால். அண்ணனுக்கு இந்தச் சட்டம் உண்டு, தம்பிக்கு இல்லை. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதி. தம்பியின் சான்றிதழில் பி.சி. என்று இருக்கிறது. அடித்தவன் சான்றிதழ் பார்த்தா அடித்தான்? அந்தத் தம்பியிடம் "உங்களுக்கு இது பொருந்தாது, சாதாரணப் பிரிவில் போடலாம்" என்று சொல்ல வேண்டியிருந்தது என் வேலையில் மிகக் கேவலமாக உணர்ந்த நாள்.

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கிற தப்பு.

2017. ஒரு அக்கா. ஊர், பெயர் வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில், தண்ணீர் குடத்தைத் தொட்டதற்காக அவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி, குடத்தை அவர் முன்னாலேயே கவிழ்த்தார்கள். முப்பது பேர் பார்த்தார்கள். அவர் முதலில் "விடும்மா" என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. மூன்று நாள் போய்ப் பேசினேன். "நீங்க கொடுக்கலைன்னா அடுத்து உங்க மகளுக்கு நடக்கும்" என்றுகூடச் சொன்னேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சம்மதித்தார். அலைந்து வழக்குப் பதிய வைத்தோம், சரியான பிரிவுகளோடு. முதல் தகவல் அறிக்கையைப் போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போட்டோம். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன். வீட்டில் இரண்டு மாடு. காலை, மாலை பால் சொசைட்டியில் ஊற்றுவார்கள். அன்றிலிருந்து "பால்ல டிகிரி வரல" என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்றார். பதினாறு வருடமாக வந்த டிகிரி. நான் அப்போது சென்னையில் ஒரு ஆலோசனைக் கூட்டத்தில் இருந்தேன். "தீவனத்தை மாத்திப் பாருங்கக்கா" என்று சொல்லி போனை வைத்தேன்.

எது வன்கொடுமை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவள், என் காதில் விழுந்த பொருளாதாரப் புறக்கணிப்பை மாட்டுத்தீவனப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டேன். அதுவும் சட்டத்தில் தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்க 15ஏ இருக்கிறது. எல்லாம் எனக்கு மனப்பாடம். அடுத்து காலனியில் யாரையும் நடவுக்குக் கூப்பிடவில்லை. "இந்த வருஷம் ஆள் வேண்டாம், மெஷின் வருது" என்றார்கள். யாரும் சாதியைச் சொல்லவில்லை. புறக்கணிப்பு என்று பலகை மாட்டிக்கொண்டு அது வருவதில்லை தோழர்களே. காலனி ஆட்களே அந்த அக்காவிடம் "உன்னாலதான்" என்று முகத்தைத் திருப்பினார்கள். நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மாடு விற்றாகிவிட்டது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவர் பிறழ்சாட்சி ஆனார். எனக்கு நினைவில்லை, நான் பார்க்கவில்லை என்றார். தீர்ப்பு விடுதலை. அந்த மாதிரித் தீர்ப்புகளைக் காட்டித்தான் வெளியே "பொய் வழக்கு" என்று பேசுகிறார்கள்.

அதன் பிறகு என் வேலை மாறியது. இப்போது புகார் எழுதுவதற்கு முன் ஒரு தாள் எடுத்து வேறு கேள்விகள் எழுதுகிறேன். யார் நிலத்தில் வேலை? யாரிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள்? பால் எங்கே? பிள்ளை எந்த பஸ்ஸில், யாரோடு பள்ளிக்கூடம் போகிறது? வீட்டு மனை யார் பேரில்? ஒவ்வொன்றுக்கும் நாளைக் காலை என்ன என்று பேசி முடிவு செய்த பிறகுதான் ஸ்டேஷன். பால் எடுக்க டவுனில் ஒரு டீக்கடையை முன்கூட்டியே பேசி வைத்த வழக்குகளும் உண்டு. விதிகளில் சொன்ன நிவாரணத்துக்கான மனு முதல் நாளே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடும். குறைந்தது மூன்று மாதம், வாரத்துக்கு ஒருமுறை யாராவது அந்த வீட்டில் போய் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். எல்லாம் பேசிய பிறகும் "இப்ப வேண்டாம்" என்று அவர் சொன்னால், நான் வற்புறுத்துவதில்லை. தாமதமானால் வழக்கு பலவீனமாகும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தேதி, சாட்சிகள், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இதில் சில தோழர்களுக்கு என் மேல் கோபம். மக்களைப் பயமுறுத்துகிறாய், போராட்ட குணத்தை மழுங்கடிக்கிறாய் என்கிறார்கள். எங்கள் நிறுவனத்திலும் பதிவாகும் வழக்குகளின் எண்ணிக்கை குறைந்தது, நிதி கொடுப்பவர்கள் காரணம் கேட்டார்கள். பிறழ்சாட்சிகளும் குறைந்தார்கள். அதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

உங்களிடம் தனியாக ஒன்று. சம்பவம் நடந்த வீட்டுக்குள் போனதும் போனை எடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் அழுவதை இன்ஸ்டாவில் போட்டுவிட்டு நீங்கள் மதுரைக்குத் திரும்பிவிடுவீர்கள், அந்த வீடியோவை அதே ஊர்க்காரன் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துச் சிரிப்பான். சம்பவத்தை யாராவது எடுத்த வீடியோ இருந்தால் அதை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், எடுத்த போனிலேயே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அது சாட்சியம்.

போன வாரம் அந்த அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது மகள் நர்சிங் படிக்கிறாள். இப்படி ஒரு கூட்டத்தில் உங்க கதையைச் சொல்லலாமாக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லிக்க. எம் பேரச் சொல்லாத, ஊரச் சொல்லாத" என்றார். வாசலுக்கு வந்து நான் செருப்பு மாட்டும்போது திரும்பக் கூப்பிட்டார். "அந்தப் பால் சமாச்சாரத்த விட்டுறாத. கோர்ட்டு, போலீசுன்னு எல்லாம் பேசுவீக, அத மட்டும் விட்டுருவீக."

அதனால்தான் பாலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.