மலை சூழ் இம்பால்

நம் நாட்டின் பெருநகரங்களுள் பல, கடற்கரையிலோ பேராற்றின் கரையிலோ, இருப்புப்பாதைகள் வந்து கூடும் சமவெளியிலோ அமைந்தவை. மணிப்பூர் மாநிலத்தின் தலைநகரமாகிய இம்பால் இவற்றினின்று வேறுபட்டது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 785 மீட்டர் உயரத்திலே, நாற்புறமும் மலைத்தொடர்கள் வளைந்து நிற்க, அவற்றின் நடுவே தட்டுப் போலப் பரந்த ஒரு பள்ளத்தாக்கில் அது அமைந்திருக்கிறது. மாநிலத்தின் மொத்தப் பரப்பு 22,327 சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்கு மலை; எஞ்சிய ஒரு பங்கே இப்பள்ளத்தாக்கு. ஆயினும் மாநில மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இங்குதான் வாழ்கின்றனர்.

பள்ளத்தாக்கிற்கு உயிரளிப்பவை ஆறுகள். இம்பால் ஆறும், இரில், தௌபால் ஆறுகளும் வடபுறத்து மலைகளிலிருந்து இறங்கி வயல்களுக்கு நீரூட்டுகின்றன. நம்புல் என்னும் சிற்றாறு நகரின் ஊடே சென்று தெற்கேயுள்ள லோக்டாக் ஏரியை அடைகிறது. பள்ளத்தாக்கின் நீரெல்லாம் முடிவில் மணிப்பூர் ஆறாகத் திரண்டு, மலையிடுக்கு வழியே மியன்மார் நாட்டிற்குள் புகுந்து, சிந்துவின் ஆற்றின் வாயிலாக ஐராவதியிலே கலக்கிறது. மேற்கு மலைகளிற் பெய்யும் மழையோ பராக் ஆற்றின் வழியாக வங்காள விரிகுடாவை நோக்கிச் செல்கிறது. ஒரே மாநிலத்து மழை இரு வேறு நாடுகளின் ஆறுகளுக்குப் பங்கிடப்படுகிறது.

லோக்டாக், வடகிழக்குப் பகுதியிலே மிகப் பெரிய நன்னீர் ஏரி. செடிகொடிகளும் வேர்களும் மண்ணும் பின்னிப் பிணைந்து உண்டான மிதக்கும் திட்டுகள் அதன் மேற்பரப்பில் அலைகின்றன. இவற்றைப் பும்தி என்பர். இத்திட்டுகளின் மீதுதான் சங்காய் என்னும் அரிய மான் இனம் வாழ்கிறது. கெய்புல் லம்ஜாவோ என்னும் அவ்விடம் 1977ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1983இல் மின் உற்பத்திக்காக இத்தாய் என்னுமிடத்தில் கதவணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பின்னர் ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்ந்தே நின்றது. கோடையில் நீர் வடிந்து, திட்டுகள் தரையைத் தொட்டு, வேர்கள் ஊட்டம் பெற்று வந்த பழைய முறை தடைப்பட்டது. திட்டுகள் மெலியத் தொடங்கின. கரையோரத்து உழவர்களின் வயல்கள் பலவும் நீரில் மூழ்கின. விளக்கெரிந்த ஊர்கள் நன்மை அடைந்தன; ஆனால் அந்த நன்மைக்கான விலையை ஏரிக்கரை மக்களும் மான்களும் கொடுத்தனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஓர் ஊருக்குள் அதன் சொற்களின் வழியாகவே நுழைய விரும்புவான். மெய்தி மக்கள் பேசும் மணிப்புரி மொழி 1992ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. அதன் பழைய எழுத்தாகிய மெய்தெய் மயேக்கில், எழுத்துகளுக்கு உடல் உறுப்புகளின் பெயர்களே இடப்பட்டிருக்கின்றன. ககரத்திற்குக் 'கோக்' என்று பெயர். அதன் பொருள் தலை. மகரத்திற்கு 'மித்' என்று பெயர். அதன் பொருள் கண். நகரத்திற்கு 'நா' என்று பெயர். அதன் பொருள் காது. குழந்தை தன் உடலையே நெடுங்கணக்காகக் கொண்டு கற்கும் இம்முறை வியக்கத்தக்கது.

அம்மொழியில் 'இமா' என்றால் அம்மா. 'கெய்தெல்' என்றால் சந்தை. இம்பால் நகரின் நடுவே அமைந்த அங்காடிக்கு இமா கெய்தெல், அதாவது அன்னையர் சந்தை, என்று பெயர். ஆயிரக்கணக்கான கடைகள் உள்ள அச்சந்தையில் விற்பவர் அனைவரும் பெண்கள். அவர்களும் மணமான பெண்கள். தாயிடமிருந்து மகளுக்கோ, மாமியாரிடமிருந்து மருமகளுக்கோ கடை உரிமை வழிவழியாக வருகிறது. ஏரி மீன், தாமரைத் தண்டு, நாரி என்னும் புளிக்க வைத்த மீன், சமைத்தால் கருநீலமாகும் சாக் ஹாவோ அரிசி, கைத்தறித் துணிகள் எனப் பள்ளத்தாக்கின் பொருள்கள் ஒருபுறம். தமெங்லாங் மலையின் ஆரஞ்சு, உக்ருல் மலையின் மிளகாய் என மலைநாட்டுப் பொருள்கள் மறுபுறம். மலையும் சமவெளியும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாக அச்சந்தை நெடுங்காலம் விளங்கி வந்தது.

வாணிகம் பெண்கள் கைக்கு வந்ததற்கு ஒரு காரணம் கூறுவர். மன்னராட்சிக் காலத்தில் 'லல்லுப்' என்னும் கட்டாய ஊழிய முறை நிலவியது. வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் நாற்பது நாளுக்குப் பத்து நாள் அரசனுக்கு ஊழியம் செய்ய வேண்டும். போர் வந்தாலோ நாள் கணக்கே இல்லை. ஆண்கள் இல்லாத வீட்டில் உழவையும் விற்பனையையும் பெண்களே மேற்கொண்டனர். 1891இல் ஆங்கிலேயருடன் நிகழ்ந்த போரில் மணிப்பூர் தோற்றது. இளவரசர் திகேந்திரஜித்தும் தளபதி தங்காலும் அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். கங்லா என்னும் அரண்மனைக் கோட்டை அந்நியப் படையின் இருப்பிடமாயிற்று. விடுதலைக்குப் பின்னும் அதில் துணைப்படையே தங்கியிருந்தது. 2004ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான் அது மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

கோட்டை கைவிட்டுப் போன காலத்திலும் சந்தை பெண்களின் கையிலேயே இருந்தது. 1904இல் ஆங்கில அதிகாரியின் மாளிகையைக் கூலியின்றிக் கட்டித் தருமாறு ஆண்களுக்கு உத்தரவு பிறந்தபோது, பெண்கள் திரண்டெழுந்து அதனை எதிர்த்தனர். 1939இல் மழை மிகுதியால் விளைச்சல் கெட்டிருக்க, ஆலை முதலாளிகளும் வணிகரும் அரிசியை வெளியூர்களுக்கு ஏற்றிக் கொண்டிருந்தனர். விலை ஏறியது, வீட்டில் உலை ஏறவில்லை. டிசம்பர் 12ஆம் நாள் ஆயிரக்கணக்கான பெண்கள் தர்பார் அலுவலகத்தைச் சூழ்ந்துகொண்டனர். வெளியூர் சென்றிருந்த மகாராஜாவுக்குத் தந்தி அனுப்பச் செய்து, விடை வரும்வரை நகர மறுத்தனர். துப்பாக்கிச் சனியன்களால் பலர் காயமுற்றனர். அரிசி ஏற்றுமதி நின்றது. அதன் பின்னும் ஓராண்டுக்கு மேலாகத் தங்கள் சந்தையையே பெண்கள் புறக்கணித்தனர். 'நுபி லான்', அதாவது மகளிர் போர், என்னும் பெயரால் அந்நாள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது.

ஐந்தாண்டுகளுக்குள் உலகப் போர் அவ்வாயிலுக்கே வந்தது. 1944 மார்ச்சு மாத இறுதியில் ஜப்பானியப் படை இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் இடையிலுள்ள சாலையைத் துண்டித்தது. ஜூன் 22ஆம் நாள் சாலை மீண்டும் திறக்கும்வரை, முற்றுகையிடப்பட்ட படைகளுக்கு உணவும் மருந்தும் ஆகாயமார்க்கமாகவே வந்தன. அக்காலத்தில், ஏப்ரல் 14ஆம் நாள், இம்பாலுக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மொய்ராங்கில் இந்திய தேசிய ராணுவத்தார் மூவர்ணக் கொடியை ஏற்றினர். அப்படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழருக்கு இங்கு வேறொரு தொடர்பும் உண்டு. இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், மியன்மார் எல்லையில், மோரே என்னும் ஊர் இருக்கிறது. 1960களில் பர்மிய அரசு வாணிகத்தை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவர்களுள் சிலர், பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே திரும்ப எண்ணித் தரைவழியாக எல்லைக்குச் சென்றனர். எல்லை அவர்களுக்குத் திறக்கவில்லை; அவ்வூரிலேயே தங்கிவிட்டனர். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எடுத்தனர், வாணிகம் செய்தனர், மெய்தி, குக்கி, பர்மிய மொழிகளைப் பேசக் கற்றனர்.

இம்பாலின் வாழ்வு சாலைகளைப் பொறுத்தது. வடக்கே கோஹிமா வழியாகத் திமாப்பூருக்கு ஒன்று. மேற்கே ஜிரிபாம் வழியாகச் சில்சாருக்கு ஒன்று. இவ்விரண்டும் மலை மக்கள் வாழும் பகுதிகளினூடே செல்வன. மண் சரிந்தாலும் மனம் முறிந்தாலும் இவை அடைபடும். 2011ஆம் ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் நீடித்த மறியலின்போது, சமையல் எரிவாயுவும் பெட்ரோலும் மருந்தும் கிட்டாமல் நகர மக்கள் அல்லற்பட்டனர். ஜிரிபாமிலிருந்து இம்பாலுக்குத் திட்டமிடப்பட்ட 111 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்காக, நோனே என்னுமிடத்தில் 141 மீட்டர் உயரத் தூண்களின் மீது பாலம் எழுப்பினார்கள். 2022 ஜூனில் அப்பாதை வேலை நடந்த துபுல் என்னுமிடத்தில் மலை சரிந்து பலர் மாண்டனர்.

மண்சரிவை அகற்றப் பொறியாளர் உண்டு. மனச்சரிவுக்கு அத்தகையோர் இல்லை. 2023 மே 3ஆம் நாள் மெய்தி மக்களுக்கும் குக்கி மக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தனர். இம்பாலில் வாழ்ந்த குக்கியர் மலைக்கும், குக்கி மலைப்பகுதிகளில் வாழ்ந்த மெய்தியர் பள்ளத்தாக்கிற்கும் ஓடினர். மோரேயும் தப்பவில்லை. இரு சாராரிடமும் வாங்கி விற்றுப் பிழைத்த தமிழர் போன்ற சிறு கூட்டத்தார், இரு சாராரின் துயரையும் கண்முன் கண்டனர். சந்தையில் அருகருகே அமர்ந்து பழகிய அன்னையர் ஒருவர் முகத்தை மற்றொருவர் காணவியலாத நிலை உண்டாயிற்று.

மலைகள் சூழ்ந்த நகரத்திற்கு மதில் தேவையில்லை, வழியே தேவை. வழி அடைபட்டால் உழவன் விளைத்தது மலையிலே அழுகும்; பள்ளத்தாக்கிலே விலை ஏறும். இதனை 1939இல் அவ்வன்னையர் உணர்ந்திருந்தனர். பிற மொழியாரின் ஊரில், பிற மொழியாரின் கடைத்தெருவில், நம்பிக்கையோடு நின்று பொருள் வாங்கி வாழும் நமக்கும் அதன் அருமை தெரியும். இம்பாலுக்குச் செல்லும் வாய்ப்பு வாய்க்கும் நேயர்கள் கங்லாக் கோட்டையையும் லோக்டாக் ஏரியையும் காண்பதோடு அமையாமல், அன்னையர் சந்தைக்கும் செல்ல வேண்டும். அங்கே ஒரு கடையின் முன் நின்று, 'இமா' என்று அழைத்துப் பேச்சைத் தொடங்கினால் போதும். தமிழ் நாவுக்கு அச்சொல் அயலாகத் தோன்றாது.