கடப்பிதழ் யார் கையில்?

(கிள்ளானில் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சீனாவில் வேலை செய்த கதையைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பயன்படும்" என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சொல்கிறேன். ஆனால் அந்தக் கதை சீனாவில் முடியவில்லை, காப்பாரில்தான் முடிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் அப்பா முப்பது வருடம் ஒரு சீனத் தவுக்கேயிடம் லோரி ஓட்டினார். ஹொக்கியன் தண்ணீர்பட்ட பாடு. சம்பளச் சீட்டு என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. "சீனன் மொழி தெரிந்தால் பிழைத்துக்கொள்வான்" என்று என்னைச் சீனப்பள்ளியில் போட்டார். அதைப் பற்றி இங்கே பலருக்குப் பல கருத்து உண்டு. இன்று அந்த வழக்குக்கு நான் வரவில்லை. பொறியியல் படித்தேன், பிடிபிடிஎன் கடன் ஏறியது. இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு 2016-இல் சூச்சோ நகரத்தில் ஒரு சீன நிறுவனத்துக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குப் போனேன். 2019 கடைசியில் திரும்பினேன்.

அங்கே முதல் நாள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மலேசியாவா? அப்படியென்றால் நீ ஏன் சீனன் மாதிரி இல்லை?" நான் மண்டரினில் பதில் சொன்னதும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஒரு வாரம் இருந்தது. பிறகு அவர்கள் தங்களுக்குள் சூச்சோ பேச்சில் பேச ஆரம்பித்தார்கள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்னோடு ஈப்போக்காரர் ஒருவர், மலேசியச் சீனர், வேலை செய்தார். அவருக்கும் விளங்கவில்லை.

அந்த ஈப்போ நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இங்கே அவரைச் சிலர் "சீனாவுக்குத் திரும்பிப் போ" என்பார்கள், நம்மை "இந்தியாவுக்குப் போ" என்பார்கள். அவர் சீனாவுக்குப் போய்விட்டார். போய், குடிநுழைவு அலுவலகத்தில் என் பின்னால் அந்நியர் வரிசையில் நின்றார். எனக்கு வேண்டிய அதே பாரம், அதே இரத்தப் பரிசோதனை, வீட்டு முகவரியை 24 மணி நேரத்தில் போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்ற அதே சட்டம். "பார்த்தாயா, தாத்தா ஊரில் என் நம்பர் உனக்கு அடுத்த நம்பர்" என்று சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வலி இருந்தது.

அன்றாட வாழ்க்கை எப்படி என்று கேட்பீர்கள். காலையில் முகத்தைக் காட்டினால் வருகை பதியும். பகல் பன்னிரண்டுக்குச் சாப்பாடு, பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஆபீஸ் முழுக்கத் தூங்கும். மடக்குக் கட்டில் வைத்திருப்பவர்களும் உண்டு. நான் முதலில் சிரித்தேன், மூன்றாம் மாதம் நானும் ஒரு கட்டில் வாங்கினேன். சாப்பாடுதான் பெரும்பாடு. மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் புரிந்துகொள்வார்கள், வெள்ளிக்கிழமை சைவம் என்றால் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிக் கொடுப்பார்கள், கறி இல்லைதானே என்று! தக்காளியும் முட்டையும் போட்ட பிரட்டல்தான் என்னைக் காப்பாற்றியது. முட்டையைச் சைவத்தில் சேர்த்துக்கொண்டேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை.

வேலை நேரம் சட்டப்படி ஒன்று, வீசேட் குழுப்படி ஒன்று. இரவு பத்து மணிக்கு மேலாளர் ஒரு செய்தி போடுவார். வரிசையாக எல்லாரும் "கிடைத்தது, கிடைத்தது" என்று பதில் போட வேண்டும். போடாதவன் பெயர் காலையில் கூட்டத்தில் வரும். மிகைநேரத்துக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, வார ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு, மாதம் 36 மணிக்கு மேல் கூடாது என்று அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஆனால் மிகைநேரத்துக்கு மனுப் போட்டால்தான் கணக்கு, மனுவை மேலாளர் ஒப்ப வேண்டும். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது, வாரம் ஆறு நாள் என்ற வழக்கம் சட்டவிரோதம் என்று அங்கே உச்சநீதிமன்றமே 2021-இல் சொன்னது. நான் திரும்பி இரண்டு வருடம் கழித்து!

2018 தீபாவளி நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. வருட விடுப்பே ஐந்து நாள்தான், அதில் ஒன்றைக் கேட்டேன். "இது உங்கள் புத்தாண்டா?" என்றார் மேலாளர். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். நரகாசுரனை மண்டரினில் விளக்க எனக்குத் தெம்பில்லை.

இனி முக்கியமான விஷயம். வசிப்பு அனுமதி ஒட்டிய கடப்பிதழ் கைக்கு வந்ததும் ஆள்வளப் பிரிவுப் பெண் அன்பாகக் கேட்டார்: "எங்களிடம் கொடுத்து வையுங்கள், பத்திரமாக இருக்கும்." எனக்குக் கை நீண்டுவிட்டது. நம் ஊரில் அப்படித்தானே பழக்கம், பெரியவர்கள் கேட்டால் கொடுத்துவிடுவது. அப்போது பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த அக்காள் ஒருவர், அன்ஹுய் மாநிலத்துக்காரர், தலையை மெல்ல ஆட்டினார். வெளியே வந்ததும் சொன்னார்: தொழிலாளியின் அடையாள அட்டையையோ மற்ற சான்றுகளையோ முதலாளி பிடித்து வைக்கக்கூடாது, தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு. பிரிவு எண்ணோடு சொன்னார்! 2008-இல் அமலுக்கு வந்த சட்டம் அது. அவரும் ஒரு வகையில் அந்நியர்தான். அவருடைய வீட்டுப் பதிவு கிராமத்தில் இருந்ததால், மகளைச் சூச்சோவில் பள்ளியில் சேர்ப்பது பெரிய போராட்டம். பிள்ளை பாட்டியிடம் வளர்ந்தது. வருடத்தில் ஒரு முறை, சீனப் பெருநாளுக்குப் பார்த்துவிட்டு வருவார். சொந்த நாட்டிலேயே அப்படி.

நான் கடப்பிதழைக் கொடுக்கவில்லை. மூன்று வருடமும் அது என் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தபோதும் அதே அக்காள்தான் வழி சொன்னார்: தொழிலாளர் நடுவர் மன்றத்தில் ஒரு வருடத்துக்குள் வழக்குப் பதியலாம், கட்டணம் கிடையாது. பதியப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன், பத்து நாளில் பணம் வந்தது.

இப்போது காப்பார். 2020-இல் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. சேர்ந்த வாரமே ஒரு சாவியைக் கொடுத்தார்கள். இரும்பு அலமாரி சாவி. உள்ளே நேப்பாளத் தொழிலாளர்கள், வங்காளதேசத் தொழிலாளர்கள், எல்லாருடைய கடப்பிதழும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக. "ஓடிவிடுவார்கள், பத்திரமாக வை" என்றார்கள்.

நான் வைத்தேன். ஏழு மாதம் வைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? புது வீட்டுக் கடன், கைக்குழந்தை. பிறருடைய கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். சூச்சோவில் சட்டம் பேசியவன்தான் நான். இங்கே சாவி என் இடுப்பில் இருந்தது, அது உறுத்தவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேப்பாளப் பையன் ஒருவன் என் வீட்டு வாசலில் நின்றான். ஊரில் தாயார் தவறிவிட்டார். நாட்டு எல்லை எல்லாம் மூடிய காலம், விமானமும் இல்லை, அவனால் போக முடியாது என்று அவனுக்கே தெரியும். "போகவில்லை அண்ணா, அதை ஒரு நாள் என் கையில் வைத்துக்கொள்கிறேன்" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

அன்றே போய் அலமாரியைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்தேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு. ஒருவரும் ஓடவில்லை. திங்கட்கிழமை என்னை இரவு வேலைக்கு மாற்றினார்கள், மூன்று மாதத்தில் நானே விலகினேன். இப்போது வேறு இடத்தில் நானூறு வெள்ளி குறைவாக வாங்குகிறேன்.

ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், இந்த மண்டபத்தில் பாதுகாவலர் இருக்கிறீர்கள், ஆபீஸ் கிராணி இருக்கிறீர்கள், மேற்பார்வையாளர் இருக்கிறீர்கள். நம் ஆட்கள் பலர் கையில் அந்த மாதிரிச் சாவி இருக்கிறது, எனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு ஒன்று. 2023 டிசம்பர் முதல் மலேசியர்கள் சீனாவுக்கு விசா இல்லாமல் குறுகிய காலம் போய்வரலாம். அதைக் காட்டி "போய் இறங்கு, வேலை ரெடி" என்று சொல்லும் ஏஜெண்டு உண்டு. நம்பாதீர்கள். வேலைக்கு அங்கிருந்து அனுமதிக் கடிதம் வந்து, இங்கே வேலை விசா எடுத்துத்தான் போக வேண்டும். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், மோசமானால் காவலும் உண்டு. ஒப்பந்தம் சீனத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்படிக் கடிதம் வைத்திருப்பவர்கள் இருந்தால் பின்னால் தேநீர் மேசைப் பக்கம் வாருங்கள், படித்துச் சொல்கிறேன். சாவி வைத்திருப்பவர்களும் வரலாம்.