நாற்று முத்துவதற்குள் வரும் பணம்

 

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களோடு கழித்தவன் நான். அந்த அனுபவம் கற்றுத்தந்த ஒன்றை உங்களிடம் சொல்லவே வந்திருக்கிறேன். சிறு விவசாயிக்குக் கடன் எவ்வளவு கிடைக்கிறது என்பதைவிட, எப்போது கிடைக்கிறது என்பதே பெரிது.

பணியில் சேர்ந்த புதிதில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு சங்கத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். இரண்டு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்யும் ஓர் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "உங்க கடன் வந்தாச்சு, வாங்கிக்குங்கம்மா" என்றார் செயலாளர். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாத்து முத்திப்போன பொறவு வர்ற பணம் யாருக்கு தம்பி?"

விசாரித்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது; சங்கப் பணம் வரவில்லை. நாற்று காத்திருக்காது. ஊரில் ஒரு நெல் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி நட்டுவிட்டார். வட்டி மூணு வட்டிதான். அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று, ஆண்டுக்கு 36 சதவீதம். அதைவிடக் கொடியது வாய்மொழியாகப் போட்ட நிபந்தனை: களத்துமேட்டில் நெல்லை அவரிடமே அளக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. அந்த ஆண்டு அறுவடையின்போது பக்கத்து ஊரிலேயே அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருந்தது. அந்த அம்மாவின் நெல் அங்கே போக முடியவில்லை. விளைவதற்கு முன்பே அது விற்கப்பட்டுவிட்டது.

அந்தச் செயலாளர் நல்ல மனிதர். அடுத்த ஆண்டு சித்திரையிலேயே வேலையைத் தொடங்கினார். கிராம நிர்வாக அலுவலரைச் சங்கத்துக்கே அழைத்துவந்து உட்காரவைத்தார். சிட்டா, சாகுபடிச் சான்று, பங்குத்தொகை, ஜாமீன் கையெழுத்து எல்லாம் கோடைக்குள் முடிந்தன. தண்ணீர் வந்தபோது விதைக்கும் உரத்துக்கும் பணம் கையில் இருந்தது. அந்தப் பருவத்தில் அந்த அம்மா கொள்முதல் நிலையத்தில் அளந்தார். புதுச் சட்டமும் வரவில்லை, கூடுதல் நிதியும் வரவில்லை. தேதி மாறியது, ஒரு குடும்பத்தின் பேரம் பேசும் பலம் மாறியது.

ஊரார் சேர்ந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் எண்ணம் புதிதல்ல. 1890களில் சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராயச் சொன்னது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கடன் சங்கங்களே நம் கிராமங்களுக்குப் பொருந்தும் என்பது அவர் கண்ட முடிவு. ஒரே ஊரில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். அந்த அறிமுகமே பிணை. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் ஒரு சங்கம் பதிவானது.

ஆனால் 1951-52இல் எடுத்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். ஏறக்குறைய 70 சதவீதம் வட்டிக்குக் கொடுப்பவர்களிடமிருந்து வந்தது. வட்டிக்காரர் இரவு பத்து மணிக்கும் கதவைத் திறப்பார், காகிதம் கேட்கமாட்டார். அவருடைய பலம் அதுதான்.

இன்று தமிழ்நாட்டில் 4,000க்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் விவசாயிக்கு வட்டியே இல்லை. 2021இல் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. தள்ளுபடி சரியா என்று வாதிடுபவர்கள் வாதிடட்டும். இத்தனை லட்சம் குடும்பங்கள் சங்கத்தின் படியேறுகின்றன என்பதே எனக்கு அந்த எண்ணிக்கை சொல்லும் செய்தி.

படியேற முடியாதவர்களும் இருக்கிறார்கள். குத்தகைக்கு உழுபவர் பெயரில் சிட்டா இருக்காது. அவர்களுக்காக வந்ததுதான் நான்கு முதல் பத்துப் பேர் சேரும் கூட்டுப் பொறுப்புக் குழு. பெண்களுக்கு மகளிர் சுயஉதவிக் குழு. 1989இல் தருமபுரியில் வேர்விட்ட முயற்சி அது. 1992இல் நபார்டு வங்கி நாடு முழுவதற்குமாக 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. இன்று குழு இல்லாத ஊரைக் காண்பது அரிது.

சிறுகடனிலும் நேரம்தான் எல்லாம். கறவை மாடு வைத்திருப்பவருக்குப் பால் பணம் அடிக்கடி வரும். வாரத் தவணை அவருக்குச் சுமையில்லை. சம்பா நெல் போட்டவருக்குத் தை மாதம்தான் பணம். அவரிடம் வாராவாரம் தவணை கேட்டால், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவார். 2010இல் ஆந்திரத்தில் சிறுகடன் நிறுவனங்களின் நெருக்கடியில் கிராமத்துப் பெண்கள் பட்ட துயரம் நமக்குப் பாடம். பயிரின் நாள்காட்டியை அறியாதவர் விவசாயிக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

நேரத்தோடு கணக்கும் சரியாக இருக்க வேண்டும். நான் படித்த காலத்தில் எங்கள் விடுதி மெஸ்ஸை மாணவர்களே முறைவைத்து நடத்தினோம். விடியற்காலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குவோம். அன்றைய செலவுக் கணக்கு இரவுக்குள் அறிவிப்புப் பலகையில் இருக்கும். இரண்டு ரூபாய் இடித்தாலும் முந்நூறு பேரும் கேட்பார்கள். சாப்பாடு சுமார்தான். ஆனால் கணக்கில் யாரும் கைவைத்ததில்லை. கூட்டுறவின் இலக்கணத்தை நான் வகுப்பறையில் கற்கவில்லை, அந்தப் பலகையின் முன் நின்று கற்றேன். சங்கங்கள் நலிந்த ஊர்களில் நான் கண்ட காரணமும் இதுவே: உறுப்பினர்கள் பேரவைக் கூட்டத்துக்கு வருவதில்லை, வந்தாலும் கையெழுத்துப் போட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். கேள்வி கேட்க ஆளில்லாத சங்கம் சிலருடைய சொத்தாகிவிடும்.

ஆகவே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஊரில் நிலமிருந்தால் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள், வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். வங்கி அதிகாரியானால் உங்கள் வட்டாரத்தின் விதைப்புத் தேதியை மனப்பாடம் செய்யுங்கள்; அதற்கு ஒரு மாதம் முன்பே கடன் மனுக்கள் முடிந்திருக்க வேண்டும். மென்பொருள் எழுதுபவரானால் ஒரு குத்தகை விவசாயி எத்தனை முறை அலுவலகம் ஏறி இறங்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அதைப் பாதியாகக் குறையுங்கள். உங்கள் படிப்பால் ஒரு கிராமத்தில் கடன் பத்து நாள் முன்னதாக வந்தால், அங்கே நெல்லுக்கு விலை சொல்லும் உரிமை உழுதவரிடம் வந்து சேரும். அந்த வேலைக்கு நீங்கள் தகுதியானவர்கள். வாழ்த்துகள்.