கார்பன் குச்சி வெளிச்சம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் படம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். திரையைப் பார்த்தோம், பின்னாலிருந்த ஆபரேட்டர் அறையை யாரு பார்த்தா? செனான் விளக்கு வருமுன் அங்கே எரிந்தது கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சிகளைத் தொடவைத்துச் சற்றே விலக்கினால், இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து சுடர்விடும். வெளிச்சத்தில் பெரும்பங்கு நேர்முனைக் குச்சி நுனியில் உண்டாகும் குழியிலிருந்துதான். அங்கே வெப்பம் 3,500 டிகிரி செல்சியசுக்கும் மேல்! ஏ.சி. கொடுத்தால் வெளிச்சம் துடிக்கும்; அதனால் ரெக்டிபையர் வைத்து டி.சி. ஆக்குவார்கள்.

குச்சி தேயத் தேய இடைவெளி கூடும். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து ஆபரேட்டர் திருகிக்கொண்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தா திரை மங்கும், கீழே விசில் பறக்கும். புகை போகக் குழாய் உண்டுதான். ஆனாலும் சூடும் புகையும் அவருக்குத்தான்.

1905-இல் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராய்க் கூடாரம் போட்ட சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆபரேட்டர்களைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. டிஜிட்டல் வந்தபின் அந்தத் தொழிலே போயிற்று. தம்பிகளே, உங்க தெருவில் பழைய ஆபரேட்டர் யாரும் இருந்தால் இந்த லீவிலேயே போய்க் கேட்டு எழுதுங்கள். மிச்சக் குச்சி கிடைத்தால் நம் இயற்பியல் கூடத்துக்கு வாங்கி வாருங்கள். எரியவிட்டுக் காட்டுவது என் பொறுப்பு.