என்னையத்தானா கூப்பிட்டீக?

(புதுக்கோட்டையில் மாணவர் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, எனக்கு மேடைப் பேச்சு வராது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நாள்பூரா பேர் கூப்பிடுகிறவன். பேரைப் பற்றியே பேசுகிறேன்.

எங்கப்பாவுக்குத் தாத்தா வைத்த பேர் சின்னையா. கருப்பையா, ராமையா, சின்னையா எல்லாம் இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு 'ஐயா' உட்கார்ந்திருக்கிறது. சேரிக்காரனை ஐயா போட்டுக் கூப்பிட ஊர்க்காரனுக்கு வாய் வருமா? சின்னான் என்றார்கள். பத்து வயசுப் பயல் "டேய் சின்னான்" என்பான், அப்பா "என்னங்கய்யா" என்பார். இவர் பேரிலிருந்து பிடுங்கின ஐயாவை அவன் பேரில் ஒட்டியாக வேண்டும்.

சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பேர்தான் வைக்க வேண்டும் என்று மனு இரண்டாம் அத்தியாயத்தில் எழுதி வைத்தான். நமக்கு அதுவும் இல்லை, நாம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

குப்பன், பிச்சை என்பதெல்லாம் இழிவுக்கு வைத்த பேரல்ல. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன் என்பார்கள், சாவு கண்ணில் படாமல் பிழைக்கட்டும் என்று. பல சாதியிலும் உள்ள வழக்கம். மற்றவன் வளர்ந்தால் குப்புசாமி ஆவான். நம்மாள் குப்பனாகவே சாவான்.

வாயோடு போனால் பரவாயில்லை. பிறப்பு இறப்பை எழுதியது கிராம முன்சீப். பரம்பரை உத்தியோகம். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழிக்கும்வரை நம் பேர் அவர் பேனாவில் இருந்தது. இன்று எங்கப்பாவுக்குப் பட்டாவில் சின்னான், ரேஷன் கார்டில் சின்னையா, ஆதாரில் சின்னய்யன். "மூணும் ஒரே ஆள்னு சான்று வாங்கிட்டு வாங்க" என்று நம் சனத்திடம் சொல்கிற நாற்காலியில் நான் இருக்கிறேன். கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படியுங்கள். பேரில்லாமல் பதிந்த பிள்ளைக்குப் பெற்றவர்கள் வாயால் சொன்னாலே போதும், பேரை ஏற்றியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லை, பிறகு 15 வருஷம்வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 திருத்தத்துக்குப் பின், அந்த அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்த ஒரு சான்றுதான் ஆதாரம். அதில் விழுந்த பிழை கூடவே வளரும். பிள்ளை பேரை மட்டுமல்ல, அப்பன் ஆத்தா பேரையும் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தாலுகா ஆபீசுக்கு நடக்கிற நடை மிச்சம்.

சாதிப் பேரைச் சொல்லி நாலு பேர் முன்னால் திட்டினால் 1989 வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. ஐயாவைப் பிடுங்கினவன் மேல் எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது?

2000-க்குப் பிந்தைய வருஷங்களில் விடுதலைச் சிறுத்தைகள் தமிழ்ப் பேர் சூட்டும் இயக்கம் நடத்தினார்கள். திருமாவளவன் தன் அப்பா ராமசாமியைத் தொல்காப்பியன் ஆக்கினார். தூய தமிழ் என்பதில் எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு, கருப்பையாவும் தமிழ்தானே. ஆனால் மகன் அப்பனுக்குப் பேர் வைத்தான் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் கிளையில் டோக்கன் மெஷின் வந்துவிட்டது. நான் பேர் சொல்லியே கூப்பிடுகிறேன். போன மாசம் முதியோர் பணம் எடுக்க வந்த ஒருவரை "கருப்பையா ஐயா" என்றேன். யாரும் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். முன்பெஞ்சில் இருந்தவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"தம்பி, என்னையத்தானா கூப்பிட்டீக?"