கணையத்திலும் ஒரு சேமிப்பு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழுவில் மாதாமாதம் சேமிக்கிறோம். நமக்குத் தெரியாமலே உடம்பும் ஒரு சேமிப்பு நடத்துது. செலவாகாத சாப்பாடு கொழுப்பா மாறி தோலுக்கடியில், கல்லீரலில், பிறகு கணையத்திலும் சேருது. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம்தான் இன்சுலின் சுரக்குது. அதில் கொழுப்பு படிஞ்சா சுரப்பு குறைஞ்சு சர்க்கரை நோய் வரலாம்.

எப்படிச் சேருது? தினம் நாலு டீ, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. மாசம் ஒரு கிலோவுக்கு மேல் டீயிலேயே போகுது! எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மிச்சம் வீணாகக்கூடாதுன்னு ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு அப்படியே படுக்கிறோம்.

"நான் ஒல்லிதானே" என்று இருக்க வேண்டாம். தையல் டேப்பால் வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்க. 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை.

நல்ல சேதியும் உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வில் (2011) 11 சர்க்கரை நோயாளிகளுக்கு 8 வாரம் உணவைக் கடுமையாகக் குறைத்தார்கள். கணையக் கொழுப்பு 8 சதவீதத்திலிருந்து சுமார் 6 ஆனது. இன்சுலின் சுரப்பும் தேறியது.

அதற்காக நாம் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரையைப் பாதியாக்குவோம். சோற்றைக் குறைத்து கீரை, பயறு கூட்டுவோம். கூட்டத்துக்கு நடந்தே வருவோம். மாத்திரையை யாரும் தானாக நிறுத்தாதீங்க. 30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சர்க்கரை பரிசோதிச்சுக்கணும். யார் யார் போனீங்கன்னு அடுத்த கூட்டத்தில் கேட்போம்.